வாயிலும் விலகலும்: ‘நாயகன்’, ‘காலா’ திரைப்படங்களில் தாராவித் தமிழரின் வகுப்பும் அதிகாரமும்

முன்னுரை

மும்பை மாநகரில் கிங்ஸ் சர்க்கிள் என வழங்கும் வட்டப்பூங்காவுக்கு இன்றைய அலுவல் பெயர் மகேசுவரி உத்யான் என்பதாகும். அதனைச் சூழ்ந்த கிழக்கு மாட்டுங்கா, தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பகுதி. அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில், மத்திய ரயில் பாதைக்கு மேற்கே, தாராவி தொடங்குகிறது. அதுவும் தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பகுதியே. ஒரே மொழியைப் பேசும் இவ்விரு குடியிருப்புகளுக்கும் இடையே கிடப்பது இருப்புப்பாதை மட்டுமன்று. கல்வி, தொழில், சாதி, வீட்டுரிமை ஆகியனவும் இவற்றைப் பிரித்து நிறுத்துகின்றன.

மும்பைத் தமிழரைப் பெருந்திரளான மக்களிடம் கொண்டு சென்ற தமிழ்ப் பனுவல்களுள் இரண்டு திரைப்படங்கள் தலையாயன. மணிரத்னம் இயக்கி 1987இல் வெளிவந்த ‘நாயகன்’ ஒன்று, பா. இரஞ்சித் இயக்கி 2018இல் வெளிவந்த ‘காலா’ மற்றொன்று. ஒன்றைக் குற்றவுலகக் கதை என்றும் மற்றொன்றை நில உரிமைக் கதை என்றும் வகைப்படுத்துவது வழக்கம். இரண்டுமே அடிப்படையில் எழுப்பும் வினா ஒன்றுதான்: உடைமையற்ற மக்கள் அதிகாரத்தை எவ்வழியில் அடைகின்றனர்?

இவ்வினாவை மிகத் தெளிவாக எதிர்கொண்ட பழஞ்சமூகம் உரோமருடையது. எனவே உரோமரின் சமூக வகுப்புகளுக்கும் அரசியல் அதிகாரத்துக்கும் இருந்த உறவை அளவுகோலாகக் கொண்டும், சங்க இலக்கியம் காட்டும் புரவலர் மரபைத் துணையாகக் கொண்டும் இவ்விரு படங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

உரோமரின் வகுப்புகளும் வாக்கும்

தொன்மை உரோமில் பேட்ரிசியர் எனப்பட்ட உயர்குடியினர், பிளபியர் எனப்பட்ட பொதுமக்கள் என்னும் பிரிவு பிறப்பின் வழிப்பட்டது. இதனோடு உடைமையின் வழிப்பட்ட மற்றொரு பிரிவும் இருந்தது. குடிமதிப்பின்போது ஒவ்வொருவரின் சொத்தும் பதியப்பட்டு, அதற்கேற்ப அவர் ஒரு வகுப்பில் வைக்கப்பட்டார். ‘நூற்றுவர் அவை’ எனத்தக்க வாக்களிக்கும் பேரவையில் மொத்தம் 193 குழுக்கள் இருந்தன. ஒரு குழுவுக்கு ஒரு வாக்கு. குதிரைவீரர்க்கு 18, முதல் வகுப்பினர்க்கு 80 என 98 குழுக்கள் செல்வர் கையில் இருந்தன. அவை ஒத்த கருத்துக் கொண்டால் அப்போதே பெரும்பான்மை கிட்டிவிடும். பிள்ளைகளைத் தவிர வேறு உடைமை இல்லாதோர் எனப் பொருள்படப் ‘புரோலிட்டாரி’ எனப்பட்ட எண்ணற்ற ஏழைகளுக்குரியது ஒரே குழு. வாக்குரிமை எல்லார்க்கும் இருந்தது. வாக்கின் மதிப்பு எல்லார்க்கும் ஒன்றாக இல்லை.

இந்நிலையில் ஏழைகளுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, செல்வர் ஒருவரை அண்டி வாழ்தல். அவரைப் ‘பத்ரோனஸ்’ என்றும், அண்டியவரைக் ‘கிளியென்ஸ்’ என்றும் வழங்கினர். முன்னவரைப் புரவலர் எனவும் பின்னவரைச் சார்ந்தோர் எனவும் தமிழில் குறிக்கலாம். சார்ந்தோர் விடியற்காலையில் புரவலரின் இல்லத்துக்குச் சென்று வணங்கி நிற்பர். அவர் வழக்குமன்றத்தில் துணைநிற்பார். உணவோ காசோ அளிப்பார். இவர்கள் அவருக்கு வாக்களிப்பர். பொதுவிடங்களில் அவர் பின்னே நடந்து அவர் பெருமையைப் புலப்படுத்துவர். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் குற்றஞ்சாட்டுவதும் ஒருவர்க்கெதிராக ஒருவர் சான்று கூறுவதும் மரபுக்கு முரணானவை என அலிகார்னாசசு நகரத்து தியோனீசியசு எழுதுகிறார். சார்ந்தோரை வஞ்சித்த புரவலர் சபிக்கப்பட்டவராவார் எனப் பன்னிரு பலகைச் சட்டம் விதித்தது.

மற்றொரு வழி, கூட்டாக விலகுதல். கி.மு. 494இல் கடன் தொல்லையால் வாடிய பிளபியர் நகரை விட்டு நீங்கிப் ‘புனித மலை’யில் சென்று தங்கினர் என்பது வரலாற்றாசிரியர் இலிவி தரும் மரபுச் செய்தி. அதன் ஒவ்வொரு கூறும் நிகழ்ந்தவாறே சொல்லப்பட்டதா என்பதில் இன்றைய அறிஞர் ஐயம் கொள்வர். ஆயினும் உரோமர் தம் அரசியல் வரலாற்றை இந்நிகழ்ச்சியிலிருந்தே விளங்கிக்கொண்டனர். அதன் பயனாகத் தோன்றியதே ‘திரிபியூன்’ எனப்படும் மக்கள் காவலர் பதவி. திரிபியூன் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படுபவர். அவர்மேல் கைவைப்பது பெருங்குற்றம். அவர் இல்லத்து வாயில் இரவும் பகலும் திறந்தே இருத்தல் வேண்டும் எனப் புளூட்டார்க் குறிப்பிடுகிறார்.

புரவலரின் வாயிலும் திறந்திருந்தது. திரிபியூனின் வாயிலும் திறந்திருந்தது. முன்னது அருளால் திறந்தது. பின்னது கடமையால் திறந்தது. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் அடிப்படை.

கிங்ஸ் சர்க்கிள்: பாதையின் இரு புறம்

1896இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியதைத் தொடர்ந்து 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. அது திட்டமிட்டு உருவாக்கிய வடபுறக் குடியிருப்புகளுள் தாதர்–மாட்டுங்காப் பகுதியும் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுத்தர், கணக்கர், தட்டச்சர் எனப் பணிதேடி வந்த தென்னிந்திய நடுத்தர வகுப்பினர் இங்கு வாடகைக் குடியிருப்புகளில் குடியேறினர். அவர்களுள் பிராமணர் மிகுதி. 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகமும், 1952இல் சண்முகானந்த நுண்கலை மற்றும் சங்கீத சபையும் தோன்றின. பள்ளி, சபை, கோயில், சிற்றுண்டிச்சாலை ஆகிய நான்கும் சேர்ந்து கிங்ஸ் சர்க்கிளைத் தென்னிந்தியரின் பண்பாட்டு மையமாக்கின.

தாராவிக்கு வந்த தமிழர் வரலாறு வேறு. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்தோர் தோல் பதனிடும் தொழிலில் அமர்ந்தனர். அவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினரும் இசுலாமியரும் பெருந்தொகையினர். நகரின் தூய்மைப்பணி, சுமைப்பணி, கட்டுமானப்பணி ஆகியவற்றையும் அவர்கள் மேற்கொண்டனர். தாராவியின் விளிம்பில் உள்ள ஒரு குடியிருப்பு ‘மாட்டுங்கா லேபர் கேம்ப்’ என வழங்குவது கருதத்தக்கது. மாட்டுங்கா என்னும் பெயர் இருபுறமும் இருக்கிறது. ஒருபுறத்தில் மட்டும் அதனோடு ‘லேபர்’ என்னும் அடைமொழி சேர்கிறது.

1966இல் சிவசேனை தோன்றியபோது அதன் தொடக்ககாலப் பரப்புரை தென்னிந்தியரைக் குறிவைத்தது. அலுவலகப் பணிகளில் இருந்த தென்னிந்தியரின் பெயர்ப்பட்டியல்கள் ‘மார்மிக்’ இதழில் வெளியிடப்பட்டன. எழுத்து நிலையில் தாக்கப்பட்டவர் பெரிதும் அலுவலக வகுப்பினர். தெருவில் நேர்ந்த வன்முறையோ வகுப்பு பார்க்கவில்லை. ‘மதராசி’ என்னும் ஒரே பெயர் இரு வகுப்பினர்மேலும் சுமத்தப்பட்டது. வெளியாரின் பகைமை உள்வேறுபாட்டை மறைக்கும் திரையாயிற்று. பின்வந்த கலைப்பனுவல்கள் ‘மும்பைத் தமிழர்’ எனப் பிளவற்ற ஓர் இனத்தைப் படைத்துக்கொள்ள இதுவே இடமளித்தது எனலாம்.

‘நாயகன்’: புரவலனின் வாயில்

‘நாயகன்’ கதையின் தொடக்கம் பெரும்பாலும் கவனிக்கப்படாதது. வேலுவின் தந்தை தூத்துக்குடியில் தொழிற்சங்கத் தலைவர். காவல்துறை சிறுவனான மகனைக் கொண்டே அவர் மறைவிடத்தை அறிந்து அவரைக் கொல்கிறது. காவலரைக் குத்திவிட்டுச் சிறுவன் பம்பாய்க்கு ஓடுகிறான். தாராவியில் உசேன் பாய் அவனை வளர்க்கிறார். அதாவது, தொழிற்சங்கம் கொல்லப்பட்ட இடத்திலிருந்தே இக்கதை தொடங்குகிறது. கூட்டு அதிகாரத்தின் மகன் தனியதிகாரத்தின் உருவாக வளர்கிறான்.

படம் வெளிவந்த காலச்சூழலையும் இங்கு நினைத்தல் தகும். 1982 சனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் தொடங்கிய வேலைநிறுத்தம் வெற்றியின்றி முடிந்து ஐந்தாண்டுகள்கூட முழுமையாகக் கழிந்திராத காலம் அது. படம் அதனைப் பேசவில்லை. எனினும் சங்கத்தால் ஆகாததை ஒரு மனிதன் ஆக்குவான் என்னும் நம்பிக்கை பார்வையாளரிடம் எடுபட்டதற்கு அத்தோல்வியும் ஒரு காரணம் என உய்த்துணரலாம்.

வேலு நாயக்கரின் அதிகாரம் மூன்று நிலைகளில் வளர்கிறது. முதலில், உசேன் பாயின் சாவுக்குக் காரணமான காவல் ஆய்வாளர் கேல்கரை வேலு கொல்கிறான். கண்டவர் எவரும் சான்று கூறுவதில்லை. அடுத்து, குடிசைகளை இடிக்க முனையும் செல்வரின் மாளிகைக்குள் மக்களோடு புகுந்து அதனைச் சிதைக்கிறான். வீடிழத்தல் என்பது யாதென உடையவர்க்கு உணர்த்தும் காட்சி அது. மூன்றாவதாக, அவன் இல்லமே முறையீட்டு மன்றமாகிறது. மக்கள் நாள்தோறும் வந்து குறை கூறுகின்றனர். தம் மகளுக்கு நேர்ந்த கொடுமைக்கு நீதி வேண்டிக் காவல்துறை உயரதிகாரி ஒருவரே அவ்வாயிலுக்கு வருகிறார். அரசே புரவலனின் சார்ந்தோனாக வந்து நிற்கும் இடம் இது.

உரோமரின் விடியற்கால வணக்கத்தை இக்காட்சிகள் பெரிதும் ஒத்திருக்கின்றன. படத்தின் பிற்பகுதியில் காவல்துறை மக்களை அடித்து வதைத்து வேலுவின் இருப்பிடத்தைக் கேட்கிறது. ஒருவரும் காட்டிக்கொடுப்பதில்லை. நீதிமன்றம் அவனை விடுவிக்கிறது. தியோனீசியசு கூறிய மரபு தாராவியில் எழுதாச் சட்டமாக நிலைபெற்றிருக்கிறது. இம்மௌனத்தை அன்பின் வெளிப்பாடாகவே படம் காட்டுகிறது. அன்பு இருப்பினும், மாற்று வழி ஏதும் இல்லாதோரின் அன்பு அது. மருத்துவமனையும் நீதிமன்றமும் காவல்நிலையமும் தமக்குரியனவாக இருந்திருப்பின் அம்மக்கள் இவ்வாயிலுக்கு வந்திருப்பரா என்னும் வினாவைப் படம் எழுப்பவில்லை.

அதனை எழுப்பும் ஒரே பாத்திரம் மகள் சாருமதி. தந்தையின் வன்முறையை ஏற்காமல் அவள் இல்லத்தை விட்டு நீங்கிக் காவல்துறை அதிகாரி பாட்டீலை மணக்கிறாள். கேல்கரின் மனைவிக்கும் மனவளர்ச்சி குன்றிய மகனுக்கும் வேலு நெடுங்காலம் பொருளுதவி செய்கிறான். இறுதியில் அம்மகனே உண்மையறிந்து அவனைச் சுட்டுக் கொல்கிறான். கொடை கொலைப்பழியை ஈடுசெய்யாது என்னும் அறத்தைப் படம் இங்குத் தொடுகிறது. வேலுவின் மகன் முன்னரே இறந்துவிட்டான். ஆகவே அதிகாரத்துக்கு வழித்தோன்றல் இல்லை. நாயகனின் உடலோடு அவன் வாயிலும் மூடப்படுகிறது. புரவலர் முறையின் அடிப்படைக் குறைபாடு இதுவே: அது ஆளைப் பற்றி நிற்பது, ஆள் போனபின் மக்களிடம் எஞ்சுவது ஏதுமில்லை.

சங்கப் புரவலரும் தாராவிப் புரவலரும்

வேலு நாயக்கரைத் தமிழ்ப் பார்வையாளர் எளிதில் ஏற்றதற்குத் தமிழ்மரபில் ஆழப் பதிந்த புரவலர் படிமமும் துணைபுரிந்தது. ஆற்றுப்படை நூல்கள் வறியோரை வள்ளலின் வாயிலுக்கு வழிப்படுத்துவன. பரிசில் பெற்றவர் பெறாதவர்க்கு வழிகூறும் அவ்வமைப்பு, ‘நாயக்கரிடம் போ’ எனக் குறையுற்றோரை மற்றவர் அனுப்பும் தாராவிச் சூழலோடு ஒத்திருப்பது வெளிப்படை.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. சங்க இரவலர் வெறும் சார்ந்தோரல்லர். பெருஞ்சித்திரனார் தம்மைக் காணாமலே அதியமான் நெடுமான் அஞ்சி அளித்த பரிசிலை ஏற்க மறுத்து, தாம் வாணிகப் பரிசிலன் அல்லர் என உரைத்தது புறநானூற்றின் 208ஆம் பாடல். இளவெளிமான் தம் தகுதியறியாது சிறிது கொடுத்தபோது அதனை மறுத்துக் குமணனிடம் யானை பெற்று வந்து, அவன் காவல்மரத்தில் அதனைக் கட்டிச் சென்ற செய்தி 162ஆம் பாடலில் உள்ளது. பரிசிலை அளந்து மதிப்பிடும் உரிமை அங்கு இரவலனிடமும் இருந்தது. உரோமச் சார்ந்தோனிடம் அவ்வுரிமை மிகக் குறைவு. ‘நாயகன்’ காட்டும் தாராவி மக்களிடம் அது அறவே இல்லை. அவர்கள் கேட்கின்றனர், பெறுகின்றனர், அழுகின்றனர், காத்து நிற்கின்றனர், ஒருகாலும் மறுப்பதில்லை. ஆகவே படம் கையாள்வது சங்கப் புரவலர் மரபின் புறத்தோற்றத்தை மட்டுமே. அம்மரபின் உயிராகிய இரவலன் பெருமிதத்தை அது விட்டுவிட்டது என்பது இங்குப் பெறப்படும் முடிவு.

‘நாயகன்’ பாத்திரத்துக்குத் தூண்டுதலாகக் கருதப்படும் வரதராஜ முதலியார் (1926–1988) மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு வெளியே ஆண்டுதோறும் பெரும் விநாயகர் பந்தல் அமைத்துவந்தார். தாராவிக்கும் கிங்ஸ் சர்க்கிளுக்கும் நடுவே, இருப்புப்பாதையின் விளிம்பில் அமைந்த இடம் அது. புரவலன் தன் கொடையை இரு வகுப்பினரும் காணும் இடத்தில் நிறுவியது தற்செயல் அன்று. உரோமச் செல்வர் பொதுவிளையாட்டுகளை நடத்தியதும் இந்நோக்கினதே.

‘காலா’: கைகளின் விலகல்

முப்பத்தோராண்டுக்குப்பின் வந்த ‘காலா’, ‘நாயகன்’ விட்ட இடத்திலிருந்து தொடங்குவதாகக் கொள்ள இடமுண்டு. கரிகாலனும் தாராவியின் தலைவனே. அவன் இல்லத்திலும் மக்கள் கூடுகின்றனர். அவனைச் ‘சேட்’ என அழைக்கின்றனர். உடைமையாளர்க்குரிய வடபுலத்துப் பட்டம் உடைமையற்றோரின் தலைவனுக்குச் சூட்டப்படுகிறது. எனினும் அவன் முதற்காட்சியிலேயே சிறுவர்களோடு மட்டையாடி ஆட்டமிழக்கிறான். புரவலனைத் தொலைவில் நிறுத்தி வணங்கும் மரபை இயக்குநர் தொடக்கத்திலேயே தளர்த்துகிறார்.

வணக்கம் என்னும் செயலையே படம் வினாவுக்கு உட்படுத்துவது குறிப்பிடத்தக்கது. அரிதேவ் அபயங்கர் என்னும் அரசியல் தலைவரின் இல்லத்துக்குச் செல்லும் சரீனாவிடம் அவர் தம் காலைத் தொட்டு வணங்கும்படி எதிர்பார்க்கிறார். படித்தவள், உலகறிந்தவள், மறுகட்டமைப்புத் திட்டத்தோடு வந்தவள் ஆகிய சரீனாவின் தகுதிகள் எவையும் அவ்வாயிலில் செல்லுபடியாவதில்லை. புரவலர் முறையின் உண்மை உருவம் வெளிப்படும் காட்சி இது. ‘நாயகன்’ அன்பாகக் காட்டியதை ‘காலா’ இழிவாகக் காட்டுகிறது. பார்வை அமைந்த இடம் மாறியதால் நேர்ந்த வேறுபாடு இது: முன்னது புரவலனின் இருக்கையிலிருந்து பார்த்தது, பின்னது குனியச் சொல்லப்பட்டவளின் நிலையிலிருந்து பார்க்கிறது.

இப்படத்தின் திருப்புமுனை வேலைநிறுத்தம். நிலத்தைக் கைப்பற்ற முனைவோர்க்கு எதிராகத் தாராவி மக்கள் நகருக்கு ஆற்றும் பணிகளை நிறுத்துகின்றனர். வண்டி ஓட்டுவோர், துப்புரவுப் பணியாளர் முதலிய உழைப்பாளர் விலக, மாநகரின் இயக்கம் தடைப்படுகிறது. இது கி.மு. 494இன் விலகலை நினைவூட்டுவது. அவ்விலகலின்போது மெனேனியசு அகிரிப்பா என்பவர் பிளபியரிடம் ஒரு கதை கூறியதாக இலிவி எழுதுகிறார். உழைக்காமல் உண்கிறது என வயிற்றின்மேல் சினந்த உறுப்புகள் அதற்கு உணவூட்ட மறுத்தன; வயிறு வாட, உறுப்புகளும் வாடின; வயிறும் தொண்டு செய்கிறது என்பதை அப்போது அவை உணர்ந்தன என்பது கதை. சேக்சுபியரின் ‘கோரியோலேனசு’ நாடகத்தின் முதற்காட்சியிலும் இக்கதை இடம்பெறுகிறது.

அகிரிப்பாவின் கதை வயிற்றின் சார்பில் சொல்லப்பட்டது. ‘காலா’வின் வேலைநிறுத்தமோ அதே கதையை உறுப்புகளின் சார்பில் மீட்டுச் சொல்கிறது. நகரத்தின் வளர்ச்சி அனைவர்க்கும் பயன்தரும் என்பது வயிற்றின் வாதம். அவ்வளர்ச்சியைச் சுமக்கும் கைகளுக்கு நிற்க நிலம் வேண்டும் என்பது உறுப்புகளின் விடை. அபயங்கரின் தூய்மை முழக்கத்துக்கும் இங்கு விடை கிட்டுகிறது. நகரைத் தூய்மை செய்யும் கைகளையே அழுக்கு எனக் கூறும் முரண், அக்கைகள் ஓய்ந்த நாளில் எவருக்கும் விளங்கிவிடுகிறது.

‘நாயகன்’ தொடக்கத்தில் இறந்த தொழிற்சங்கம் இங்கு மீண்டும் பிறக்கிறது. கரிகாலன் மகனுக்கு இலெனின் எனப் பெயர். அவன் தந்தையின் முறையோடு மாறுபட்டு, இயக்கம் கட்டும் இளைஞனாகப் படைக்கப்பட்டிருக்கிறான். வேலுவோடு மாறுபட்ட பிள்ளையும் சாருமதி. இலெனினோடு இணைந்து நிற்கும் மராத்தியப் பெண் ‘புயல்’ இயற்பெயரும் சாருமதி. முன்னவள் புரவலன் இல்லத்தை விட்டு நீங்கினாள். பின்னவள் தெருவில் நின்று போராடுகிறாள். பெயரொப்புமை திட்டமிட்டதாயினும் இல்லையாயினும், இரு படங்களையும் சேர்த்துப் படிப்போர்க்கு அது பொருள் தருகிறது. தமிழனுக்கும் மராத்தியப் பெண்ணுக்கும் உள்ள இவ்வுறவு, மொழியெல்லையைக் கடந்து வகுப்பு ஒன்றுபடக்கூடும் என்பதற்கும் அடையாளமாகிறது.

இனி இப்படத்தின் குறையையும் கூறல் வேண்டும். உரோமரின் விலகல் ஒரு பதவியில் முடிந்தது. ‘காலா’வின் விலகல் ஒரு கலவரத்தில் முடிகிறது. அபயங்கரின் ஆட்கள் தூண்டிய வன்முறையால் வேலைநிறுத்தத்தின் பயன் சிதறுகிறது. அதன்பின் கதை மீண்டும் தலைவனின் உயிரையும் உயிரீகத்தையுமே சுற்றிச் சுழல்கிறது. இறுதிக்காட்சியில் கரிகாலன் வீழ்ந்தபின்னும் கறுப்பு, சிவப்பு, நீல நிறங்களுக்கிடையே பலரும் அவன் முகத்தோடு தோன்றுகின்றனர். ஒவ்வொருவரும் காலாவே என்னும் கருத்து அழகியது. ஆனால் அனைவரும் தலைவனின் முகத்தை அணிவதும், அனைவரும் தத்தம் முகத்தோடு அவையில் அமர்வதும் ஒன்றல்ல. கி.மு. 133இல் பொதுநிலத்தை ஏழைகளுக்குப் பகிர முயன்ற திரிபியூன் திபேரியசு கிராக்கசு கொல்லப்பட்டார். அவர் இறந்தபின்னும் நிலப்பகிர்வுக் குழு சில ஆண்டுகள் பணியாற்றியது. ஆளைக் கொன்றவுடன் அவர் அமைத்த முறையைக் கொல்ல முடியவில்லை. ‘காலா’வில் கரிகாலனுக்குப்பின் எம்முறை எஞ்சும் என்பதற்குப் படத்தில் விடை இல்லை.

இரு படங்களிலும் இல்லாத தமிழர்

இரு படங்களும் வேறுபட்டபோதும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. கிங்ஸ் சர்க்கிள் தமிழர் இரண்டிலும் இல்லை. ‘நாயகன்’ படத்தில் வேலுவுக்குத் துணையாக வரும் ஐயர் பாத்திரம் ஒன்றே விலக்கு. வேற்றுமொழியினரோடு வேலு பேசும்போது மொழிபெயர்த்து உதவுபவர் அவர். ஆங்கிலமும் இந்தியும் அறிந்த வகுப்பு, அறியாத வகுப்பின் தலைவனுக்குப் பணிபுரிவதாகக் காட்டும் இச்சித்திரம் நடைமுறையைத் தலைகீழாக்குகிறது. விண்ணப்பம், சான்றிதழ், அலுவலக மொழி ஆகியவற்றின் வாயிலில் நின்றவர் மாட்டுங்காவின் எழுத்தர். அவ்வாயிலில் காத்து நின்றவர் தாராவியின் தொழிலாளர். ‘காலா’விலோ பகைவர் முற்றிலும் வெளியாராகவே அமைகின்றனர். சாதிய ஒடுக்குமுறையை உரத்துப் பேசும் அப்படம், அதே மொழி பேசும் மேல்வகுப்பு இருப்புப்பாதைக்கு அப்பால் வாழ்வதைப் பேசாமை வியப்புக்குரியது.

தமிழ்ப் புதினம் இவ்விடைவெளியின் மறுபுறத்தைத் தொட்டிருக்கிறது. நாஞ்சில் நாடனின் ‘மிதவை’ (1986), ‘சதுரங்கக் குதிரை’ (1993) ஆகியன பணிதேடிப் பம்பாய் செல்லும் படித்த இளைஞனின் தனிமையைக் கூறுவன. அங்குப் புரவலனும் இல்லை, கூட்டமும் இல்லை. நடுத்தர வகுப்புக்குத் திரைப்படம் அளிக்காத அகவாழ்வைப் புதினம் அளித்தது. தாராவிக்குப் புதினம் போதிய அளவு அளிக்காத பெருவெளியைத் திரைப்படம் அளித்தது. இரு வகுப்பினரையும் எதிரெதிரே நிறுத்தி நோக்கும் பனுவலுக்கான தேவை இன்னும் நீடிக்கிறது.

இவ்விடத்தில் உரோமரோடு ஒப்பிடுவதன் எல்லையையும் சுட்டுதல் வேண்டும். கி.மு. 445இல் கனுலேயசு சட்டம் பேட்ரிசியர்க்கும் பிளபியர்க்கும் இடையே மணவுறவை அனுமதித்தது. பின்னர்ச் செல்வம் பெற்ற பிளபியர் உயர்பதவிகளை அடைந்து ஆளும் வகுப்போடு கலந்தனர். சாதி அவ்வாறு கரைவதன்று. தாராவியில் பொருளீட்டியவர் பாதையைக் கடந்து கிழக்கே குடியேறலாம். சாதி அவரோடு உடன் செல்லும். எனவே உரோமரின் வகுப்புப் போராட்டத்தை அவ்வாறே தாராவிமேல் பொருத்துதல் பிழை. வகுப்பும் சாதியும் இணைந்து இயங்கும் அதிகாரத்தை அளக்க உரோம அளவுகோல் பாதியளவே உதவும்.

முடிவுரை

புரவலரின் பிடி உரோமில் தளர்ந்ததற்குக் கி.மு. 139இன் கபினியசு சட்டம் ஒரு காரணம். அது தேர்தலில் மறைவாக்கைக் கொணர்ந்தது. அதன்பின் சார்ந்தோன் யாருக்கு வாக்களித்தான் என்பதைப் புரவலன் அறிய இயலாதாயிற்று. இந்தியக் குடியரசில் மறைவாக்கும் சமவாக்கும் தொடக்கத்திலிருந்தே உள்ளன. தாராவி, பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. அதனை அடுத்த சயான் கோலிவாடா தொகுதி 2014, 2019, 2024 தேர்தல்களில் தமிழர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. ஆகவே 193 குழுக்களின் ஏற்றத்தாழ்வு வாக்குச்சாவடியில் இல்லை.

அவ்வேற்றத்தாழ்வு வேறோரிடத்தில் தலைகாட்டுகிறது. மகாராட்டிர அரசும் அதானி குழுமமும் இணைந்து தாராவி மறுகட்டமைப்புத் திட்டத்தை மேற்கொண்டுள்ளன. 2022இல் நடந்த ஏலத்தில் அக்குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு முன்வந்தது. 2024இல் வீடுதோறும் கணக்கெடுப்புத் தொடங்கியது. 2000 சனவரி 1க்கு முன்னரே தரைத்தளத்தில் குடியிருந்ததைச் சான்றால் நிறுவுவோர்க்குத் தாராவியிலேயே விலையின்றி வீடு. பின்னர் வந்தோர்க்கும் மேல்தளத்தில் குடியிருப்போர்க்கும் வேறு விதிகள், வேறு இடங்கள். உரோமின் குடிமதிப்பு சொத்தைக் கொண்டு மனிதரை வகுத்தது. இக்கணக்கெடுப்பு தாளைக் கொண்டும் தளத்தைக் கொண்டும் வகுக்கிறது. ஒரே குடிசையின் கீழ்த்தளத்தாரும் மேல்தளத்தாரும் வெவ்வேறு வகுப்பினராகின்றனர்.

இச்சூழலில் இரு படங்களையும் மீண்டும் படிக்கையில் பெறப்படுவன:

‘நாயகன்’ காட்டும் புரவலர் வழி, அரசு கைவிட்ட மக்களுக்கு உடனடி ஆறுதல் அளித்தது. ஆயினும் அது அவர்களைக் கேட்போராகவே நிறுத்தியது. அவ்வழியைச் சங்கப் புரவலர் மரபின் தொடர்ச்சியாகக் காண்பது, மறுக்கும் உரிமை கொண்ட இரவலனை மறப்பதாகும்.

‘காலா’ காட்டும் விலகல் வழி, கேட்போரை உழைப்போராக மாற்றிக் காட்டியது. அவர்தம் உழைப்பே அவர்தம் அதிகாரம் என நிறுவியது. ஆயினும் அவ்வதிகாரத்தை ஒரு நிலையான அமைப்பாக்கும் இறுதிப்படியை அது கடக்கவில்லை.

இரண்டும் தமிழரை ஓரினமாகக் கொண்டு, கிங்ஸ் சர்க்கிளுக்கும் தாராவிக்கும் இடையே ஓடும் பாதையைக் காணாது விட்டன.

தாராவியின் நிலம் யாருக்கு என்பது முடிவாகிவரும் இந்நாளில், அங்குள்ள குடும்பங்களுக்குத் தேவைப்படுவது ஒருவரின் அருளால் திறக்கும் வாயிலன்று; சட்டத்தால் மூடவியலாத வாயில். திரிபியூனின் திறந்த கதவு உணர்த்துவது இதனையே. அவ்வாயிலைக் கற்பனை செய்யும் தமிழ்ப்பனுவல் தோன்றும்போது, அதில் பாதையின் இரு புறத்துத் தமிழரும் இடம்பெறுதல் வேண்டும்.